ஸ்டேஷன் கடிகாரங்கள் எல்லாம் ஒரே வினாடியில் மாறுவது எப்படி, எதற்காக?

கேள்வி இதுதான்: மெட்ரோ பிளாட்பாரத்துக் கடிகாரம், டிக்கெட் கவுன்ட்டர் திரை, ரயிலுக்குள் இருக்கும் அறிவிப்புப் பலகை எல்லாம் ஒரே வினாடியில் மாறுகின்றனவே, இதை எப்படிச் செய்கிறார்கள்? எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

சிக்னல், டெலிகாம் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பிளாட்பாரத்தில் தொங்கும் கடிகாரம் பயணிக்காக வைத்தது. ஆனால் அதை ஓட்டும் அமைப்பு பயணிக்காக மட்டும் போட்டதல்ல. சிக்னல் கருவிகள், ரேடியோ, சிசிடிவி, தானியங்கிக் கதவு, டிக்கெட் கேட், மின்சார சப்ளையைக் கண்காணிக்கும் கணினி, கன்ட்ரோல் அறையில் பேசுவதைப் பதிவு செய்யும் இயந்திரம் என ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒரு பெரிய ஸ்டேஷனில் பயணி கண்ணில் படுவது இருபது கடிகாரம் என்றால், கண்ணில் படாதவை நூற்றுக்கணக்கில் இருக்கும். மெனக்கெடல் எல்லாம் அவற்றுக்காகத்தான்.

அடுத்து, கடிகாரம் சரியாக இருப்பது வேறு, கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பது வேறு. போக்குவரத்தில் இரண்டாவதுதான் முதலில் வேண்டும். ஒரு ரயில்வே முழுவதும் உலக நேரத்தைவிட ஒரு நிமிடம் பிந்தி ஓடினால் பயணிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு கருவிகளுக்குள் 40 வினாடி வித்தியாசம் இருந்தால் விஷயம் வேறு. அந்த அனுபவத்தைக் கீழே சொல்கிறேன்.

ரயில் வருவதற்கு முன்னால் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் உச்சிவெயில் நேரம் இருந்தது. பக்கத்து ஊரோடு சில நிமிடம் வித்தியாசப்பட்டாலும் மாட்டுவண்டிக்கு அது தெரியாது. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் பாதை முழுவதற்கும் லண்டன் நேரத்தை எடுத்துக்கொண்டது. நாடு முழுவதற்கும் அதைச் சட்டமாக்க 1880 ஆனது. முதலில் ரயில் மாறியது, நாற்பது வருடம் கழித்துச் சட்டம் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் இந்தக் கதை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. கருவிகளைத் தாங்குவதற்காக நட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் அந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதிலிருந்து வந்தது மெட்ராஸ் நேரம்: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். இரவு 8 மணிக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். ஆய்வகத்திலிருந்து மின்கம்பி வழியே போகும் சைகைதான் அதை வெடிக்க வைக்கும். ஒரு மாஸ்டர் கடிகாரம், ஒரு கம்பி, தூரத்தில் அதற்குக் கட்டுப்பட்ட ஒரு கருவி. இன்றைய அமைப்பின் எலும்புக்கூடு அப்போதே தயார்.

1870-களில் இந்திய ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தைப் பொது நேரமாக வைத்துக்கொண்டன. ஏன் மெட்ராஸ்? பம்பாயின் உள்ளூர் நேரம் சுமார் 4 மணி 51 நிமிடம், கல்கத்தாவினுடையது சுமார் 5 மணி 53 நிமிடம். மெட்ராஸ் கிட்டத்தட்ட நடுவில் வருகிறது, இருவருக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். அதோடு, நேரத்தைத் தந்தியில் அனுப்பும் வசதியுள்ள ஆய்வகமும் இங்கே இருந்தது. 1905 ஜூலையில் ரயில்வேயும் 1906 ஜனவரி 1-இல் நாடும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நேரத்துக்கு மாறின. அன்று மெட்ராஸ் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஸ்டேஷன் நேரம் ஒன்று, ஊர் நேரம் ஒன்று என்று இரண்டு கணக்கோடு வாழ்ந்தார்கள்.

ஆனால் பொது நேரம் என்று ஒன்றை அறிவித்துவிட்டால் மட்டும் போதாது. 1891 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் மோதின. அஞ்சல் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய வண்டியின் டிரைவருடைய சட்டைப்பைக் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. அவர் பார்த்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சந்தேகப்பட எதுவும் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு வெப் பால் என்ற கிளீவ்லாந்து நகைக்கடைக்காரரை வைத்து ரயில்வே கடிகாரங்களுக்குத் தரமும் தொடர்ச்சியான சோதனையும் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது என்பது அந்தத் தரம். நின்றுபோன கடிகாரத்தைவிட, நின்று மீண்டும் ஓடும் கடிகாரம்தான் ஆபத்து. எங்கள் வேலையில் இதை எப்போதும் மனதில் வைத்திருப்போம்.

இந்திய ரயில்வேயின் பொது விதிகளிலும் இதே அக்கறையைப் பார்க்கலாம். தினமும் மாலை 4 மணிக்கு எல்லா முக்கிய ஸ்டேஷன்களுக்கும் நேரத்தைச் சைகையாக அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி. வண்டி கிளம்பும் முன் கார்டு தன் கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, அந்த நேரத்தை லோகோ பைலட்டுக்குச் சொல்ல வேண்டும், அவர் அதன்படி தன்னுடையதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு விதி. கார்டு என்ற பதவிக்கு 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர். லோகோ பைலட் நேராக ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். ஆனால் வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பேரிடமும் ஒரே நேரம் இருக்கிறது என்பதை இருவரும் வாயால் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். இன்று கணினிகள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்வதும் இதே பழக்கம்தான்.

கம்பியில் நேரம் அனுப்புவதை மிக அழகாகச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற ரயில்வே பொறியாளர் 1944-இல் வடிவமைத்த ஸ்டேஷன் கடிகாரம் இன்றும் அங்கே எல்லா ஊரிலும் இருக்கிறது. வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள். 1953-இல் சிவப்பு வினாடிமுள் சேர்ந்தது, கார்டு காட்டும் சிக்னல் வட்டின் வடிவத்தில். அந்த முள்ளைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். அது ஒரு சுற்றைச் சுமார் 58.5 வினாடியில் முடித்துவிடும். மேலே 12-இல் வந்து நின்றுகொள்ளும். மாஸ்டர் கடிகாரத்திலிருந்து 'நிமிடம் ஆயிற்று' என்று ஒரு மின்துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஒரு கோடு தாவும், வினாடிமுள் மறுபடி கிளம்பும். அதாவது ஊர் ஊராக ஆயிரக்கணக்கான கடிகாரங்களின் வினாடிமுள்கள் கொஞ்சம் அவசரமாக ஓடிவந்து, நிமிடத்துக்கு ஒருமுறை வாசலில் காத்திருந்து, ஒன்றாக உள்ளே நுழைகின்றன. வினாடியைத் துல்லியமாக ஓட்டுவது அந்தக் காலத்தில் செலவு பிடித்த வேலை. நிமிடத்தை ஒத்திசைத்துவிட்டு வினாடியைச் சும்மா ஓடவிட்டார்கள். ரயில் முழு நிமிடத்தில்தான் கிளம்பும் என்பதால் அதுவே போதுமாக இருந்தது.

இந்த ஒழுங்கின் மேல் அவர்கள் கட்டிய கால அட்டவணையையும் சொல்ல வேண்டும். 1982 முதல் நாடு முழுவதும் சீரான இடைவெளியில் ரயில்கள். 2004 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள். பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும், சற்றுப் பின் பிரிந்து போகும். இடையில் பயணிகள் வண்டி மாறிக்கொள்வார்கள். இதற்காகவே பெர்ன், ஜூரிக் நகரங்களுக்கு இடையே புதுப் பாதை போட்டுப் பயணத்தை 56 நிமிடமாக்கினார்கள். 50 ஆக்க வேண்டிய அவசியம் இல்லை, 60-க்குள் வந்தால் போதும். என் கண்ணுக்கு, ஒத்த நேரத்தை வைத்து மனிதர்கள் கட்டியவற்றில் இது மிகச் சிறந்த ஒன்று.

இனி நம் காலத்து அமைப்புக்கு வருகிறேன்.

எல்லா மின்னணுக் கடிகாரத்துக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி. அதற்கு மேல் வெயில். கைக்கடிகாரத்திலும் கணினியிலும் வரும் வகைப் படிகம் 25 டிகிரி சூட்டில்தான் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. சூடு ஏறினாலும் குறைந்தாலும் அது பிந்தும். 45 டிகிரியில் நாளைக்கு இன்னொரு வினாடிக்கு மேல் போய்விடும். சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே ரூமில், ஏசி நின்றுபோன மே மாதம் மதியம் நின்று பார்த்தவர்களுக்கு 45 டிகிரி ஒன்றும் பெரிய எண்ணாகத் தெரியாது. ஆகவே கடிகாரத்தை ஒருமுறை சரியாக வைத்துவிட்டுப் போவது என்பது நடக்காத காரியம். அதை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

திருத்தம் மேலிருந்து வருகிறது. கன்ட்ரோல் சென்டரின் மொட்டைமாடியில், மறைப்பில்லாத வானத்தைப் பார்த்தபடி, கவிழ்த்த டம்ளர் போல ஒரு ஆன்டெனா இருக்கும். அது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சைகையை வாங்குகிறது. ஜிபிஎஸ் என்றால் இடம் காட்டுவது என்று நினைக்கிறோம். அடிப்படையில் அது ஒரு நேரச் சேவை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் அணுக் கடிகாரத்தின் நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது, நாம் அதிலிருந்து இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போய்விடும். ஆக இடம் சில மீட்டருக்குள் சரியாக வர வேண்டுமென்றால் நேரம் நானோ வினாடிக் கணக்கில் சரியாக இருந்தே தீர வேண்டும். இடம் தெரியாதவருக்கு நான்கு செயற்கைக்கோள் வேண்டும். மொட்டைமாடி ஆன்டெனா எங்கும் நகரப்போவதில்லை, அதன் இடம் முன்பே தெரியும், நேரம் எடுக்க ஒன்றே போதும்.

ஆன்டெனாவிலிருந்து கேபிள் கீழே இறங்கி மாஸ்டர் கிளாக்குக்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டு மாஸ்டர் இருக்கும், ஒன்று ஓட, மற்றது தயாராக. அதற்குள் இருக்கும் படிகம் சூடான ஒரு சின்ன அறைக்குள் ஒரே வெப்பநிலையில் வைக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் ருபிடியம் அணுக் கடிகாரமே உண்டு. ஜிபிஎஸ் அறுந்துபோனாலும் மாஸ்டர் பல நாள் தாக்குப்பிடிக்க இது தேவை. அங்கிருந்து ஃபைபர் வழியாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உள்ள துணை மாஸ்டருக்கும், அதிலிருந்து பிளாட்பாரக் கடிகாரங்களுக்கும் கணினிகளுக்கும் நேரம் போகிறது. சுரங்கப்பாதை ஸ்டேஷனுக்கு வானமே தெரியாது, அதற்கு ஃபைபரில் வருவதுதான் நேரம்.

கணினிகளுக்கு நேரம் அனுப்பும் முறைக்கு என்டிபி என்று பெயர். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கியது. செய்தி போய்ச்சேரும் தாமதம் எவ்வளவு என்று தெரியாமலே சரியான நேரத்தைக் கேட்டு வாங்குவது எப்படி? அவர் விடை எளிமையானது. என் கடிகாரத்தில் சரியாக 10 மணி ஆகும்போது ஒரு கேள்வியை அனுப்புகிறேன். மாஸ்டரின் கடிகாரத்தில் 10 மணிக்கு மேல் 510 மில்லி வினாடியில் அது போய்ச் சேர்கிறது. 511-இல் அவர் பதில் அனுப்புகிறார். என் கடிகாரத்தில் 21 ஆகும்போது பதில் என் கைக்கு வருகிறது. ஆக எனக்கு ஆன மொத்த நேரம் 21, அவர் வைத்திருந்தது 1, வழியில் போனது 20. போக 10, வர 10 என்று பிரித்தால், கேள்வி அவரை அடைந்தபோது என் கடிகாரத்தில் 10 மில்லி வினாடி ஆகியிருக்கும், அவரிடம் 510. நான் அரை வினாடி பின்தங்கியிருக்கிறேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. போக 15, வர 5 ஆகியிருந்தால்? எனக்கு அது தெரியவே தெரியாது, 5 மில்லி வினாடி தவறோடு நிம்மதியாக இருப்பேன். பிளாட்பாரக் கடிகாரத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. மைக்ரோ வினாடி தேவைப்படும் இடங்களில் பிடிபி என்ற இன்னொரு முறையை வைக்கிறார்கள். அதில் வழியிலுள்ள ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சும் 'இந்தச் செய்தியை நான் இத்தனை நேரம் வைத்திருந்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிடும்.

பிசகு தெரிந்துவிட்டது, எப்படித் திருத்துவது? உடனே அரை வினாடி முன்னால் தள்ளிவிடலாம். ஆனால் பின்னால் இழுக்க வேண்டியிருந்தால்? 10:00:05 என்று பதிவு எழுதிய கருவி அடுத்த வரியை 10:00:03 என்று எழுதும். எது முதலில் நடந்தது என்ற கேள்விக்குப் பதிவேடே பொய் சொல்லும். அதனால் சின்னப் பிசகுகளைத் தாவித் திருத்துவதில்லை, கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிக்குக் கொண்டுவருவார்கள். என்டிபியில் அந்த வேகத்துக்கு உச்சவரம்பு பத்து லட்சத்துக்கு 500. அந்த வேகத்தில் ஒரு வினாடியைத் திருத்த 33 நிமிடம் பிடிக்கும். மாஸ்டருக்குக் கட்டுப்பட்டு ஓடும், முள் வைத்த பழைய ஸ்லேவ் கடிகாரங்களிலும் இதே மரியாதைதான்: கரண்ட் போய் வந்தால் விட்ட நிமிடங்களை டக் டக்கென்று ஓடிப்பிடிக்கும். முந்திப்போயிருந்தால் பின்னால் திரும்பாது, நேரம் வந்து சேரும்வரை அப்படியே நிற்கும்.

இப்போது, மேலே சொன்ன அனுபவம். ஊர் வேண்டாம். ஒரு இரவு, பச்சை சிக்னலை நோக்கி ஒரு எக்ஸ்பிரஸ் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா என்று மின்சாரத்தால் கண்டறியும் டிராக் சர்க்யூட் ஒன்று பழுதாகி, சிக்னல் லோகோ பைலட்டின் முகத்துக்கு நேரே சிவப்பானது. அவர் அவசர பிரேக் போட்டார். வண்டி சிக்னலைத் தாண்டித்தான் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சிவப்பைத் தாண்டுவது ரயில்வேயில் மிகப் பெரிய குற்றம், வேலையே போகலாம். அவர் சொன்னது: "பார்த்த உடனே போட்டேன் சார்."

ஸ்டேஷனின் டேட்டா லாகர் சிக்னல்களை இயக்கும் மின்சுவிட்சுகளான ரிலேக்கள் ஒவ்வொன்றின் அசைவையும் நேரத்தோடு எழுதும். அதில் சிக்னல் சிவப்பானது 02:41:10. என்ஜினின் வேகப் பதிவுக் கருவியில் பிரேக் போட்டது 02:41:52. இடைவெளி 42 வினாடி. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் தூங்கிவிட்டார் என்றுதான் படிக்கத் தோன்றும். அப்படித்தான் முதலில் படித்தார்கள்.

இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க, இரண்டு கருவியும் தனித்தனியே எழுதிய ஒரே சம்பவம் ஒன்று வேண்டும். அது கிடைத்தது. நின்ற வண்டி பிறகு அனுமதி பெற்றுக் கிளம்பி, அடுத்த டிராக் சர்க்யூட்டில் ஏறியிருக்கிறது. லாகர் அந்த நொடியை எழுதியிருந்தது. என்ஜின் பதிவில் நின்ற இடத்திலிருந்து எத்தனை மீட்டர் எப்போது போனது என்ற கணக்கு இருந்தது. டேப் பிடித்து அளந்து ஒப்பிட்டோம். என்ஜின் கடிகாரம் 38 வினாடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றியபோது யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரம் அது. 42-இல் 38 போனால் மீதி 4 வினாடி. ஒரு மனிதர் சிவப்பைப் பார்த்து, நம்ப முடியாமல் ஒருகணம் திகைத்து, கையை நீட்டி பிரேக்கைப் போட ஆகும் நேரம். அவர் சொன்னது அப்படியே உண்மை.

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை இறுகும். தண்டவாளத்தில் 38 வினாடி என்பது ஒரு குடும்பத்தின் சோறு. அதற்குப் பிறகு எந்தக் கருவியைப் புதிதாகப் போட்டாலும் 'இதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது?' என்பதுதான் என் முதல் கேள்வி.

பதிவுக்கு மட்டுமல்ல, ரயிலை ஓட்டுவதற்கே ஒத்த நேரம் வேண்டும் என்ற நிலைக்கு இப்போது வந்துவிட்டோம். நம் நாட்டின் கவச் பாதுகாப்பு அமைப்பில் ஸ்டேஷன் கருவியும் என்ஜின் கருவியும் ரேடியோவில் பேசிக்கொள்கின்றன. ஒரே அலைவரிசையில் பல என்ஜின்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினால் யார் குரலும் கேட்காது. ஆகவே காலத்தைத் துண்டுகளாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு. தன் துண்டு எப்போது ஆரம்பிக்கிறது என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதற்குச் செயற்கைக்கோள் நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, வரும் செய்தி எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டும். 130 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் வினாடிக்கு 36 மீட்டர் நகர்கிறது. 'உனக்கு முன்னால் பாதை காலி' என்ற செய்தி பத்து வினாடி பழையதென்றால் 360 மீட்டர் தூரத்துக்கு அது பொய்யாக இருக்கலாம். நேர முத்திரை பழசானால் செய்தியைத் தூக்கி எறி, பிரேக்கைப் போடு என்பதுதான் இத்தகைய அமைப்புகளின் அடிப்படை.

டிக்கெட் கேட்டிலும் இதே விஷயம் சின்ன அளவில் உண்டு. நீங்கள் நுழைந்த நேரத்தை ஒரு ஸ்டேஷன் எழுதுகிறது, வெளியேறிய நேரத்தை இன்னொன்று எழுதுகிறது. அதிகநேரம் உள்ளே இருந்தால் அபராதம். இரண்டு ஸ்டேஷனின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் அநியாயமாக உங்கள் காசு போகும்.

விமானத்தில் இதெல்லாம் முன்பே தீர்ந்த கதை. உலகம் முழுவதும் ஒரே நேரம், யுடிசி. சென்னை விமானி கோலாலம்பூர் கோபுரத்தோடு பேசும்போது யாருடைய மணி என்ற கேள்வியே எழாது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளின் கடிகாரம் யுடிசியிலிருந்து 30 வினாடிக்கு மேல் விலகக் கூடாது என்பதும், தரவு இணைப்பில் செய்தி அனுப்பும் இடங்களில் ஒரு வினாடிக்கு மேல் விலகக் கூடாது என்பதும் சர்வதேச விதி.

இவ்வளவும் ஜிபிஎஸ்ஸை நம்பி நிற்கிறதே, அது தவறினால்? தவறியிருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வுபெறச் செய்தபோது, பல செயற்கைக்கோள்கள் யுடிசி திருத்தத்தைச் சுமார் 13 மைக்ரோ வினாடி தவறாக ஒலிபரப்பின. ரயில் கடிகாரத்துக்கு அது தூசு. உலகெங்கும் டெலிகாம் நெட்வொர்க்குகளில் அலாரம் அடித்தது. அதைவிட நேரடியான சிக்கல், ஜிபிஎஸ்ஸின் பழைய சைகை வாரங்களை 1,024 வரைக்கும்தான் எண்ணும், பிறகு மறுபடி சுழியம். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது பழைய ரிசீவர்கள் தேதியை 1999-க்குக் கொண்டுபோயின. நியூயார்க் நகர நிர்வாகத்தின் வயர்லெஸ் நெட்வொர்க் அன்று விழுந்து பல நாள் எழவில்லை. டிராஃபிக் விளக்குகளைத் தூரத்திலிருந்து இயக்க அந்த நகரம் அதைத்தான் பயன்படுத்தியது. அடுத்த சுழற்சி 2038 நவம்பரில்.

லீப் வினாடி என்று இன்னொன்று உண்டு. பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் 1972-இலிருந்து 27 முறை உலக நேரத்தில் ஒரு வினாடியைக் கூட்டியிருக்கிறார்கள். நம் நேரப்படி அது விடிகாலை 5:29:59-க்கும் 5:30:00-க்கும் நடுவில் 5:29:60 என்று வரும். அப்படி ஒரு வினாடி இருக்கும் என்பதைப் பல மென்பொருள்கள் எதிர்பார்ப்பதில்லை. 2012 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவில் விமானப் பயணிகளின் செக்-இன் கணினிகள் இதனால் முடங்கி, விமானங்கள் தாமதமாயின. 2035-க்குள் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று 2022-இல் எடைகள், அளவைகளுக்கான சர்வதேச மாநாடு முடிவு செய்தது. என் கருத்தில் நல்ல முடிவு.

ஒரே நாட்டின் செயற்கைக்கோளை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காகவே நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கிவைத்த மூன்று ருபிடியம் கடிகாரங்களும் பழுதானபோது, அது இடம் காட்டும் வேலைக்கு உதவாமல் போனது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் கடிகாரம் இல்லாவிட்டால் செயற்கைக்கோள் இல்லை. அதன் பிறகு இஸ்ரோ சொந்தமாக ருபிடியம் கடிகாரம் செய்து, 2023 மே 29-இல் ஏவிய என்விஎஸ்-01-இல் வைத்தது. தரையில் இந்திய நேரத்துக்குப் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு. அங்கே சீசியம் அணுக் கடிகாரங்கள் அதைக் காக்கின்றன. நன்றாக வடிவமைத்த அமைப்பு ஜிபிஎஸ், நாவிக், தரைவழி நேரம் என்று மூன்றையும் கேட்டு, ஒன்று மட்டும் முரண்பட்டால் அதை ஒதுக்கிவிடும்.

போன் இருக்கும்போது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் போனின் நேரமும் வானத்திலிருந்து விழுவதல்ல. அதை அனுப்பும் மொபைல் நெட்வொர்க்கும் இதே ஆன்டெனா, இதே மாஸ்டர் கிளாக் வகையறாவில்தான் ஓடுகிறது. பயணிக்குப் போன் தாராளமாகப் போதும், சில சமயம் பிளாட்பாரக் கடிகாரத்தைவிடச் சரியாகவும் இருக்கும். ஆனால் ரயில் உங்கள் போனைப் பார்த்துக் கிளம்புவதில்லை. 'ஏன் கதவை மூடினாய்?' என்ற கேள்வி வரும்போது ஊழியரும் பயணியும் சிசிடிவியும் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே நேரம் அந்த ஸ்டேஷனின் நேரம்தான்.

எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நீங்களே பார்க்கலாம். புது ஸ்டேஷன் திறக்கும் முன் நாங்கள் செய்யும் சோதனைதான். இரண்டு கடிகாரங்கள் ஒரே படத்துக்குள் தெரியும்படி நின்று, நிமிடம் மாறும் நேரத்தில் போனில் பத்து வினாடி வீடியோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லி வினாடி. கடிகாரங்கள் இரண்டும் ஒரே ஃபிரேமிலோ அடுத்ததிலோ மாறும். ரயில் வரவைக் காட்டும் பெரிய திரையின் மூலையில் இருக்கும் நேரம் மட்டும் அரை வினாடி, ஒரு வினாடி பிந்தலாம். திரை முழுவதையும் புதுப்பித்த பிறகே அது மாறும் என்பதால் வருவது, பழுதல்ல. கடிகாரங்களுக்குள்ளேயே பல வினாடி வித்தியாசம் கண்டால், எந்தப் பிளாட்பாரம், எந்தக் கடிகாரம், அப்போது உங்கள் போனில் மணி என்ன என்று ஸ்டேஷன் கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கேபிள் கழன்றிருக்கும், அந்தக் கடிகாரம் தன் சொந்தப் படிகத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.